தள்ளிப்போனதா, நின்றேபோனதா?

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகக் கூட்டம் ஒன்று அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. அதை எல்லோருக்கும் மெயிலில் தெரிவித்தபோது 'கால்டு ஆஃப்' என்று எழுதிவிட்டேன். அடுத்த வாரம் ஒருவரும் வரவில்லை. 'புட் ஆஃப்' என்றல்லவா எழுதியிருக்க வேண்டும் என்றார் மேலாளர். இரண்டிலும் 'ஆஃப்' இருக்கிறதே, அப்படி என்ன வித்தியாசம்?

– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

மேலாளர் சொன்னது சரி. 'புட் ஆஃப்' என்றால் வேறு நாளைக்குத் தள்ளிப்போடுவது. 'கால் ஆஃப்' என்றால் நடக்கவே நடக்காது. நம் நாளிதழ்த் தலைப்பில் முன்னது ஒத்திவைப்பு, பின்னது ரத்து.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 டோக்கியோ ஒலிம்பிக்ஸை 'புட் ஆஃப்' செய்தார்கள். 2021 ஜூலை 23 அன்று அது தொடங்கியபோதும் பெயர் 'டோக்கியோ 2020' என்றே இருந்தது. அதே 2020இல் விம்பிள்டனை 'கால் ஆஃப்' செய்துவிட்டார்கள். மறு வருஷம் நடந்தது மறு வருஷத்துப் போட்டி. 2020க்கு விம்பிள்டன் சாம்பியன் என்று யாருமே கிடையாது.

'கால்' என்றால் கூப்பிடுவதுதானே, அது எப்படி ரத்து ஆகும் என்று தோன்றலாம். ஒருவர் மேல் பாயப்போகும் நாயை வளர்த்தவர் குரல் கொடுத்துத் திரும்ப அழைப்பதற்கும் ஆங்கிலத்தில் 'கால் ஆஃப்' என்றுதான் பெயர். எனக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும், ஏனென்றால் சொல்லின் குணம் முழுவதும் அதில் இருக்கிறது. கிளம்பிவிட்டதையும் திரும்ப அழைக்கலாம் அல்லவா? அதனால்தான் நடந்துகொண்டிருக்கும் வேலைநிறுத்தத்தைக்கூட 'கால் ஆஃப்' செய்ய முடிகிறது. அங்கே தமிழில் 'ரத்து' ஒட்டாது, 'வாபஸ்' என்போம். கடலில் காணாமல்போனவர்களைத் தேடும் பணி என்றால் 'கைவிட்டார்கள்' என்போம். 'புட் ஆஃப்' அப்படியில்லை. இனிமேல் நடக்கப்போவதைத்தான் தள்ளிப்போட முடியும்.

அப்புறம், 'இட்' வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: 'புட் இட் ஆஃப்', 'கால் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' என்று எழுதிவிடாதீர்கள். 'த ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்று எங்காவது படித்தால் குழம்பவும் வேண்டாம். அது வேறு பொருள்: அந்த வாடையில் எனக்குப் பிடிக்காமலே போய்விட்டது.

அடுத்த மெயிலில் 'புட் ஆஃப் டில் மண்டே' என்று நாளையும் சேர்த்தே எழுதுங்கள். ரத்தான கூட்டத்துக்கு அடுத்த நாள் ஏது? 'டில்' என்று எழுத வருகிறதென்றால் அங்கே 'புட் ஆஃப்'தான்.