அவள் போனில் தேடிய கேள்வி

அன்புள்ள அக்காவுக்கு,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போன வாரம் என் போனை அவளிடமிருந்து வாங்கிப் பார்த்தபோது, ‘முதல் தடவையே கர்ப்பம் ஆகுமா’ என்று தேடியிருந்தாள். யார் அவன் என்று கேட்டு அடித்துவிட்டேன். தோழிக்காகத் தேடியதாகச் சொல்கிறாள். அன்றிலிருந்து என்னிடம் பேச்சே இல்லை. நானாகப் பேசலாம் என்றால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. நாமே சொல்லிக்கொடுத்தால் தூண்டிவிட்டது மாதிரி ஆகிவிடாதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில், அடித்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். தோழிக்கா, அவளுக்கா என்று இப்போது துருவ வேண்டாம். யாருக்காக இருந்தாலும், ஒரு சின்னப் பெண் பயந்துபோய் போனிடம் கேட்டிருக்கிறாள்.

நான் திருப்பாப்புலியூரில் வளர்ந்தவள். நான் வயசுக்கு வந்தபோது பந்தல், மைக்செட், தாய்மாமன் சீர், தெருவுக்கே சாப்பாடு. என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. உலக்கையைக் குறுக்கே போட்டு உட்கார வைத்து, “இனிமே ஆம்பளப் பசங்ககிட்ட சிரிச்சுப் பேசாத” என்றார் அம்மா. அவ்வளவுதான். பிறகு ஒருநாள் பஸ் நெரிசலில் ஒரு பையனின் கை பட்டுவிட்டது. கர்ப்பமாகியிருப்பேனோ என்று அடுத்த மாதவிலக்கு வரும்வரை நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு என் மேல் உயிர். பாவம், அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

தூண்டிவிடுமா என்று கேட்டீர்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, பாலியல் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரம் உறவில் இறங்குவதில்லை என்றே சொல்கிறது. அரைகுறையாகத் தெரிந்துகொள்வதில்தான் எனக்குப் பயம்.

வார்த்தை வரவில்லையென்றால் அவள் புத்தகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றி ஒரு பாடமே இருக்கிறது. கருப்பை, சினைமுட்டை, விந்தணு எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள். நீங்கள் அவற்றைக் கூசாமல் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அவள் கேள்விக்குப் பதில், ஆமாம், ஆகலாம். முத்தம் கொடுத்தாலோ கை பட்டாலோ ஆகாது. உறவு கொண்டால் முதல் தடவையே ஆகலாம். சினைமுட்டை ஒரு நாள்தான் தாங்கும். ஆனால் விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரைகூட உயிரோடு இருக்கும். வயசுக்கு வந்த முதல் சில வருடங்கள் மாதவிலக்கு முன்பின்னாகத்தான் வரும். அதனால் ‘இந்த நாள் பயமில்லை’ என்று தோழிகள் போடும் கணக்கை நம்பக்கூடாது.

சட்டத்தையும் சொல்லுங்கள், மிரட்டலாக இல்லாமல். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவளின் சம்மதம் சம்மதமே ஆகாது. உறவினரோ ஆசிரியரோ தொட்டாலும், எவனாவது படம் கேட்டு மிரட்டினாலும், அவளே படத்தை அனுப்பியிருந்தாலும், குற்றம் அவள் மேல் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். உங்களிடம் சொல்ல முடியாத நேரத்துக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் கொடுத்து வையுங்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அவளுக்கு அவசரமாகத் தெரிய வேண்டியது.

என் மகளிடம் நான் முதலில் பேசியது சரியாக வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்தி, எதிரில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் சொன்னேன். “போதும்மா” என்று எழுந்து போய்விட்டாள். அப்புறம் ஒருநாள் இரண்டு பேரும் கொல்லையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தோம். கண்ணும் கையும் மீனில். அவளாகவே கேட்டாள், “அம்மா, வலிக்குமா?” தலை நிமிராமலே பதில் சொன்னேன். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றதில்லை.

உங்களுக்குத் தலை பின்னும் நேரம் இருக்கிறது. நீங்கள் பின்னால் இருப்பீர்கள், முகம் பார்க்க வேண்டியதில்லை. அடித்தது தப்பு என்று சொல்லிவிட்டு, அவள் தேடிய கேள்விக்கு இந்தப் பதிலைச் சொல்லுங்கள். அவள் ஒன்றும் பேசாவிட்டால் பின்னி முடித்து ரிப்பன் கட்டி அனுப்பிவிடுங்கள். மறுநாளும் தலை பின்ன வேண்டியிருக்குமே.