எண்ணெய் தொடாதவருக்கு ஈரலில் கொழுப்பு எப்படி?

கேள்வி: எனக்கு 47 வயது. துவாஸில் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். வேலை முடிந்ததும் காப்பிக்கடையில் தினமும் இரண்டு பெரிய போத்தல் பீர் குடிப்பேன். பொரித்தது எதுவும் தொடமாட்டேன். ஆனாலும் ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்கிறார்கள். எப்படி? மூச்சு வாங்க ஓடினால் மது சீக்கிரம் எரிந்துவிடும் என்று நண்பர்கள் சொல்வது சரியா?
- வாசகர், ஈசூன்

பதில்: தம்பி, ஈரல் வார்டில் நான் தாதியாக இருந்தபோது, "சிஸ்டர், நான் எண்ணெயே தொடமாட்டேனே" என்று எத்தனையோ ஆண்கள் கேட்டிருக்கிறார்கள். எடை, சர்க்கரை நோய் இவற்றாலும் ஈரலில் கொழுப்பு சேரும். ஆனால் நீங்கள் சொல்லும் அளவுக்குக் குடித்தால், முதல் சந்தேகம் பீர் மேல்தான்.

மதுவைச் சேமித்து வைக்க உடம்பில் இடமில்லை. அதனால் ஈரல் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து அதைத்தான் முதலில் கவனிக்கும். அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக்கி, அப்புறம் அசிட்டேட்டாக மாற்றும். இரண்டு படியிலும் என்ஏடி என்ற பொருள் செலவாகிறது. கொழுப்பை எரிக்கவும் அதேதான் வேண்டும். அது குறைந்தால் கொழுப்பு எரியாமல் ஈரலிலேயே தங்கும். வெறும் வயிற்றில் குடிப்பவருக்குச் சர்க்கரை இறங்குவதற்கும் இந்தக் குறைதான் காரணம். இன்சுலின் போடுகிறவர்கள் மயங்கியே விழலாம்.

640 மில்லி போத்தலில், 5 சதவீத பீர் என்றால், சுமார் 25 கிராம் மது இருக்கிறது. ஈரல் மணிக்கு 7, 8 கிராம்தான் கரைக்கும். இரண்டு போத்தலுக்கு 6, 7 மணி நேரம் ஆகும். நீங்கள் தூங்கினாலும் அது தூங்காது. ஓடினாலும் பயனில்லை: மூச்சு, வியர்வை, சிறுநீர் எல்லாம் சேர்த்து வெளியேறுவது அதிகம் போனால் 10 சதவீதம்.

மூச்சைப் பற்றிக் கேட்டதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். மதுவை எரிக்க ஆக்ஸிஜன் செலவாகிறது. இதை யாரும் பேசுவதில்லையே என்பதுதான் என் ஆதங்கம். ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலைச் சுற்றிவிட்டு வருவது; அதில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைந்திருக்கும். ஈரலின் ஒவ்வொரு சிறு பகுதியிலும் ரத்தம் ஓரத்தில் நுழைந்து நடுவிலுள்ள நாளத்துக்குப் போகிறது. வழியிலுள்ள செல்கள் எடுத்துக்கொண்டதுபோக மிச்சம்தான் நடுவில் இருப்பவற்றுக்கு. கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் கிடைக்கிற கதைதான். தினமும் குடித்தால் ஈரல் இழுக்கும் ஆக்ஸிஜனும் கூடும். கடைமடை இன்னும் காயும். மது முதலில் அந்தச் செல்களைத்தான் தாக்குகிறது.

மதுவை எரிக்கும் சிஒய்பி2இ1 என்ற நொதியும் அங்கேதான் அதிகம். தினமும் குடிப்பவரிடம் அது பெருகும். பாரசிட்டமாலின் ஒரு பகுதியை நச்சாக்குவதும் அதுவே. குடித்த தலைவலிக்கு பாரசிட்டமாலை அள்ளிப் போடாதீர்கள். எவ்வளவு போடலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

கொழுப்பு மட்டும்தான் என்றால், குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே பெரும்பாலும் கரைய ஆரம்பித்துவிடும். நான் பார்த்திருக்கிறேன், நம்புங்கள். ஆனால் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, வலிப்புகூட வரலாம். அதனால் முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போய், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் உள்ளபடி சொல்லுங்கள். நிறுத்தும் நாள்களில் வீட்டில் ஒருவர் உடனிருக்கட்டும். வலிப்பு வந்தால் உடனே 995 (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ்) எண்ணை அழையுங்கள்.