இறக்கத்தில் ஜாமாகும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்: ஒயிலைக் கூட்டினால் தீருமா?

கேள்வி: பெரியப்பாவின் 1979ஆம் ஆண்டு யமஹா டிடி 125 ட்ரெயில் பைக் பல வருடங்களாக ஷெட்டில் கிடந்தது. அதை நுவரெலியாவில் திருத்தி ஓட்டுகிறேன். தோட்டப் பாதைகளில் நன்றாக ஓடுகிறது. ஆனால் ஹட்டன் பக்கமிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலவுக்கு இறங்கும்போது எஞ்சின் திடீரென்று பிடித்து, பின் சக்கரம் இழுபட்டது. ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆனது. ஒயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு, பெற்றோலிலேயே ஒயிலைக் கூடுதலாகக் கலக்கச் சொல்கிறார் கராஜ் பாஸ். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பம்ப்பில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். சிலிண்டரைக் கழற்றிப் பார்க்கும்வரை பைக்கை மறுபடி ஓட்டவும் வேண்டாம். ஆறியதும் ஸ்டார்ட் ஆனதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். ஜாமாகும்போது பிஸ்டனின் அலுமினியம் உரசிச் சிலிண்டர் சுவரில் அப்பிக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் அடுத்த முறை ரிங்கும் சேர்ந்து போகும்.

பிஸ்டனைக் கையில் எடுத்ததும் கீறல்கள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சைலன்சர் பக்கம் என்றால் பெரும்பாலும் கலவையில் காற்று கூடிச் சூடு மிஞ்சியிருக்கிறது. காபரேட்டர் பக்கம் என்றால் ஒயில் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். நீங்கள் போன பாதையை வைத்துப் பார்த்தால் முதலாவதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

காரணம் உயரம். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. புகை குறையட்டும் என்று அந்த மலைக்காற்றுக்கு ஏற்ற சிறிய மெயின் ஜெட்டை (காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் துளையுள்ள திருகு) போட்டிருந்தால் மேலே அருமையாக ஓடும். கீழே இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகிறது, அதற்கு ஏற்ற பெற்றோலை அந்த ஜெட்டால் கொடுக்க முடியாது. பெற்றோல் குறைந்த கலவையில் பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடாகிறது. இந்த நேரத்தில் பெற்றோலில் ஒயிலைக் கூட்டினால் என்ன நடக்கும்? ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் ஒயில் கூடும் அளவுக்குப் பெற்றோல் குறையும். கலவை இன்னும் மெலிந்துவிடும். புகை கூடுவதால் பாதுகாப்பாக இருப்பது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

தாழ்நிலத்துக்கு அடிக்கடி இறங்குபவர் என்றால் கம்பனி சொன்ன அளவு மெயின் ஜெட்டையே போடுங்கள். மலையில் கொஞ்சம் கனமாக ஓடும், கொஞ்சம் புகைக்கும். புகைத்தால் புகைக்கட்டும்.

ஜெட்டை மாற்றினால் மட்டும் போதாது. பல வருடம் நின்ற டூ ஸ்ட்ரோக்கில் நான் முதலில் சந்தேகப்படுவது கிராங்கின் (பிஸ்டன் ஏறி இறங்கச் சுழலும் தண்டு) இரண்டு பக்கமும் உள்ள ரப்பர் சீல்களை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்த இடத்துச் சீல் போனால் ஒயில் கசியும், பெரும்பாலும் அதோடு சரி. இங்கே பெற்றோலும் காற்றும் ஒயிலும் சேர்ந்து கிராங்க் கேஸுக்குள் புகுந்துதான் சிலிண்டருக்கு ஏறுகின்றன. மின்பொறிக்கு மின்சாரம் தரும் மெக்னட் பக்கச் சீல் இறுகிப்போனால் அது வழியாகக் கள்ளக் காற்று உள்ளே வரும். அக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் சுற்று இறங்காமல் நிற்பதும், ஐட்லிங் தானாக ஏறுவதும் அதன் அடையாளங்கள். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஒயிலை உறிஞ்சி எரிக்கும். அப்போது புகை அடர்த்தியாக வரும், கியர் பெட்டியில் ஒயில் மட்டம் காரணமில்லாமல் குறைந்துகொண்டே போகும்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்தே பார்க்கலாம். சிலிண்டரைத் திரும்பப் பூட்டிய பிறகு காபரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் இறுக அடைத்து, உள்ளே 6 பி.எஸ்.ஐ அளவு மட்டும் காற்றேற்றுங்கள். சில நிமிடம் அழுத்தம் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி வரும் இடத்தைத் தேடுங்கள். கலவை திரும்பிப் போகாமல் தடுக்கும் ரீட் வால்வுக்கும் காபரேட்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய் வெடித்திருப்பதும் சகஜம். சீல் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனால் பழைய சீலையும் கொண்டுபோங்கள். உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு மூன்றும் பொதுவாக அதன் முகத்திலேயே பொறித்திருக்கும். விரலால் வளைத்துப் பாருங்கள். விறைத்துப்போன பழைய ஸ்டொக் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஒயில் பம்ப் விஷயத்தில் எனக்கும் பாஸுக்கும் ஒத்துவராது. யமஹா 1964இலேயே ஓட்டோலூப் என்ற இந்த ஒயில் பம்ப் முறையைக் கொண்டுவந்துவிட்டது. எஞ்சின் வேகத்தையும் அக்சிலேட்டர் திறப்பையும் பார்த்து ஒயிலை அளந்து விடும் நல்ல ஏற்பாடு அது. குழாய்களை மாற்றுங்கள். பம்ப் கேபிளின் குறிகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். பம்ப்பின் பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி நிற்கும்வரை ஒயிலை வழிய விடுங்கள். முதல் பெற்றோல் தாங்கிக்கு மட்டும் 5 லீட்டர் பெற்றோலுக்கு 100 மில்லிலீட்டர் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஒயிலைக் கலந்து, பம்ப்பையும் வேலை செய்ய விடுங்கள். கலவை கொஞ்சம் மெலியும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதனால் அந்தத் தாங்கி முடியும்வரை முழு அக்சிலேட்டர் கொடுக்காமல் மெதுவாக ஓட்டுங்கள். தனி ஒயில் தாங்கியில் மட்டம் இறங்கினால் பம்ப் உயிரோடு இருக்கிறது. ஒயில் ஜாஸோ (ஜப்பானியத் தரக்குறி) எஃப்சி அல்லது எஃப்டி தரத்தில் இருக்கட்டும். படகு எஞ்சினுக்கான ஒயில் விலை குறைவாகக் கிடைத்தாலும் காற்றில் ஆறும் எஞ்சினுக்கு அது ஏற்றதல்ல.

அப்புறம், இறங்கும் முறை. அக்சிலேட்டரை முழுக்க மூடி, கியரில் விட்டு நீண்ட தூரம் இறங்கினால் சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுற்றும், உள்ளே போகும் பெற்றோலும் ஒயிலும் மிகக் குறைவு. வளைவுக்கு வளைவு அக்சிலேட்டரைச் சற்றுத் திருகி விடுங்கள். இரண்டு விரல் எப்போதும் கிளட்ச்சில் இருக்கட்டும். எஞ்சின் சத்தம் இறுகுவது போல் கேட்ட கணமே கிளட்ச்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள். உங்கள் மாடலில் முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான், தொடர்ந்து பிடித்தால் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கினிகத்தேனையில் நிறுத்தி ஒரு தேநீர் குடிக்கும் நேரம் ஆறவிட்டால் பிரேக்குக்கும் நல்லது, எஞ்சினுக்கும் நல்லது.