பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டம்) முடித்தவர் காலநிலை மாற்றம் சார்ந்த நகர வடிவமைப்பு வேலைக்குப் போக என்ன கற்க வேண்டும்?

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருட பி.ஆர்க்.குக்குப் பிறகு நகர வடிவமைப்பில் முதுகலை படியுங்கள். டெல்லி எஸ்.பி.ஏ., அகமதாபாத் செப்ட் இரண்டுமே நல்ல இடங்கள். ஆனால் வேலையில் நிலைக்க மட்டமும் (நிலத்தின் உயரம்) வாட்டமும் (சரிவு) தெரிந்தாக வேண்டும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஓட்டக் குணகம் (பெய்த மழையில் ஓடிவரும் பங்கு), மணிக்கு எத்தனை மி.மீ. மழை, எத்தனை ஹெக்டேர் என மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால், வினாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் ஓடிவரும் என்று தெரியும். மணிக்கு 60 மி.மீ. மழையில், முழுக்க கான்கிரீட் போட்ட ஒரு ஹெக்டேரிலிருந்து (குணகம் 0.9) வினாடிக்கு 150 லிட்டர் ஓடும். மண்ணும் மரமும் உள்ள இடமென்றால் (0.3) 50 லிட்டர்தான். சிறு பரப்புக்கு இது போதும். பெரிய பரப்புக்கு மழைநீர் ஓட்டத்தைக் கணக்கிடும், இலவசமாகக் கிடைக்கும் எஸ்.டபிள்யூ.எம்.எம். மென்பொருளைப் பழகுங்கள்.

சென்னை போன்ற தட்டையான ஊரில் இலவச செயற்கைக்கோள் உயரத் தரவை நம்பி வடிகால் வரையாதீர்கள். அதில் பிழையே சில மீட்டர் இருக்கும். கட்டடமும் மரமும்கூட மேடாகத் தெரியும். 1:500 வாட்டத்தில் 500 மீட்டர் ஓடும் வடிகாலுக்கு மொத்த இறக்கமே ஒரு மீட்டர்தான். டோட்டல் ஸ்டேஷன் (தூரமும் உயரமும் துல்லியமாக அளக்கும் கருவி) வைத்து சர்வே எடுத்தே ஆக வேண்டும். வடிகால் போய்ச் சேரும் கால்வாயில் மழைக்காலத்தில் நீர்மட்டம் எவ்வளவு ஏறும் என்றும் பாருங்கள். அது வடிகாலின் மட்டத்தைத் தாண்டினால் தண்ணீர் தெருவுக்கே திரும்பும்.

மண்ணையும் சோதியுங்கள். திருவான்மியூர் மணலில் வேலை செய்யும் உறிஞ்சு குழி வேளச்சேரிக் களிமண்ணில் குட்டையாகத் தேங்கும். ஓரடிக் குழி தோண்டி, இரண்டு முறை நீர் நிரப்பி வற்றவிட்டு, மூன்றாம் முறை மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தாலே பாதித் தவறுகள் தவிரும்.

வெயிலுக்கும் இதே கவனம் வேண்டும். வடக்கு தெற்காகப் போகும் தெருவில் பிற்பகல் வெயில் கிழக்குப் பக்க நடைபாதையில்தான் விழும். மரக்கன்றுக்கான பணம் குறைவாக இருந்தால் முதலில் அங்கே நடுங்கள். அடிமரம் வரை கான்கிரீட் பூசினால் அந்த மரம் தழைக்காது.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அழகான முப்பரிமாணப் படங்களைக் குறைத்து, ஒரே ஒரு தெருவின் குறுக்குவெட்டை 1:50 அளவில் வையுங்கள். சாலை மட்டம், வடிகால் வாய், குழாய்கள், வேருக்கான மண் எல்லாம் எண்களோடு இருக்கட்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போடும்போது வாசல்கள் பள்ளமாகிவிடுகின்றன. அதைத் தடுக்கும் குறிப்பும் அந்த வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.