எண்கணிதத்திலிருந்து அட்சரகணிதத்துக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தரம் 6 இல் படிக்கும் என் மகள் கூட்டல், பெருக்கலைப் பிழையின்றிச் செய்கிறாள். ஆனால் 8 + 4 = □ + 5 என்ற கணக்கில், பெட்டிக்குள் 12 என்று எழுதிவிட்டு அதுவே சரி என வாதிடுகிறாள். (ஒரு தாய், களுவாஞ்சிகுடி)

உங்கள் மகளின் கூட்டலில் குறையில்லை. சமன் குறியை அவள் விளங்கிக்கொண்ட விதத்தில்தான் குறை இருக்கிறது. ஆரம்ப வகுப்புகளில் கணக்கு இடப்புறத்திலும் விடை வலப்புறத்திலுமே வந்து பழகியதால், 'இனி விடையை எழுது' என்ற கட்டளையாகவே அக்குறி பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிடுகிறது. சிலர் எல்லா எண்களையும் கூட்டி 17 என்றும் எழுதுவார்கள். 1557 இல் இக்குறியை அச்சில் அறிமுகப்படுத்திய கணிதவியலாளர் இராபர்ட் ரெக்கோட், ஒரே நீளமுள்ள இரு சமாந்தரக் கோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்றே காரணம் கூறினார். இரு புறமும் ஒரே பெறுமானம் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை; ஆகவே பெட்டிக்குள் வர வேண்டியது 7.

12 = 7 + 5, 9 = 9, 6 + 5 = 5 + 7 ஆகியவற்றை எழுதி, எது உண்மை, எது பொய் என்று கேளுங்கள். பின்னர் 37 + 48 = 38 + □ என்பதைக் கூட்டாமலே நிரப்பச் சொல்லுங்கள். முதலெண்ணில் ஒன்று கூடியதால் மற்றதில் ஒன்று குறைந்து 47 ஆக வேண்டும் என்று அவளே சொன்னால், எழுத்து எதுவும் இல்லாமலே அட்சரகணிதம் தொடங்கிவிட்டது. கொப்பியில் 15 + 7 = 22 × 2 = 44 என்று தொடராக எழுதியிருந்தால், விடை சரியென்று விட்டுவிடாதீர்கள்; 15 + 7 உம் 44 உம் சமமல்ல.

ஓர் ஆசிரியருக்கு 25 மாணவர் என்பதை என் வகுப்பில் பலர் 25ம = ஆ என்று எழுதுகிறார்கள். (ஆசிரியர், அக்கரைப்பற்று)

அவர்கள் 'ம' என்பதை மாணவர் என்ற சொல்லின் சுருக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது மாணவர்களின் எண்ணிக்கை. விளக்கம் சொல்வதைவிடப் பிரதியிடச் செய்வதே பயன் தரும்: இரண்டு ஆசிரியர், ஐம்பது மாணவர் என்று இட்டால் இடப்புறம் 1250, வலப்புறம் 2. அதைப் பார்த்த பின் ம = 25ஆ என்று அவர்களே திருத்துவார்கள். '3ம என்றால் மூன்று மாம்பழம்' என்பதுபோலப் பழங்களைக் காட்டி எழுத்துகளை அறிமுகப்படுத்தும் பழக்கமே இக்குழப்பத்தை வளர்க்கிறது என்பது என் கருத்து.

'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று மேலதிக வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது போதுமா? (ஒரு தந்தை, ஏறாவூர்)

தொடக்கத்தில் போதாது. மூன்று தயிர்ச்சட்டிகளுக்கும் 120 ரூபா பஸ் கட்டணத்துக்கும் மொத்தம் 2220 ரூபா செலவானது என்றால், ஒரு சட்டியின் விலையை 'ச' எனக் கொண்டு 3ச + 120 = 2220 என எழுதலாம். 3ச = 2100 வரை சரியாக வந்த பிள்ளை, 3 ஐயும் 'பக்கம் மாற்றி' 2097 ரூபா என்று விடை எழுதுவதுண்டு. தராசின் இரு தட்டிலும் ஒரே அளவை எடுப்பதுபோல, இரு புறமும் 120 ஐக் கழித்து, பின்னர் இரு புறமும் 3 ஆல் வகுத்து 700 ஐப் பெறுவதைச் சில வாரங்கள் முழுமையாக எழுதட்டும். காரணம் தெரிந்தபின் குறுக்குவழி கெடுதல் செய்யாது.

எனக்கு மனக்கணக்காகவே விடை வருகிறது. சமன்பாடு எதற்கு? (தரம் 8 மாணவர், பொத்துவில்)

தம்பி, தெரியாத எண் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும்வரை பின்னோக்கிக் கணித்தாலே விடை வந்துவிடும். 5ப + 40 = 3ப + 300 என்பதை அப்படிச் செய்து பாருங்கள்; எங்கிருந்து பின்னோக்கிச் செல்வது என்றே தெரியாது. இரு புறமும் 3ப ஐக் கழித்தால் 2ப + 40 = 300 ஆகும்; அதிலிருந்து உங்கள் மனக்கணக்கே 130 ஐத் தந்துவிடும்.