கப்பியோடு கிளப்புக்குப் போகலாமா?

கேள்வி: வீட்டில் இரண்டு மீன் தொட்டி. கப்பி மீன் குட்டி போட்டுப் போட்டு நிரம்பி வழிகிறது. மீன் வளர்ப்பவர்களே சேர்ந்து நடத்தும் கிளப்புக்கு மூன்று மாதமாகப் போகிறேன். எல்லாரும் மீன்களை லத்தீன் அறிவியல் பெயரில் சொல்லிப் பேசுகிறார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறேன். ஏலத்துக்குக் கப்பி கொண்டுபோனால் சிரிப்பார்களா? போன ஏலத்தில் வாங்கிய மீன்கள் வீட்டுக்கு வந்ததும் தள்ளாடி, மூன்றே நாளில் செத்துவிட்டன. என் தவறா?

பதில்: சிரிக்க மாட்டார்கள். அந்த லத்தீன் பேசுகிறவர்களில் பாதிப் பேர் கப்பியில் தொடங்கியவர்கள்தான். ஏல மேசையில் மீனைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லாரும் பார்ப்பது மீன் இருக்கும் பிளாஸ்டிக் கவரைத்தான். கவர் சரியாகக் கட்டியிருந்தால், உள்ளே இருப்பது கப்பியானாலும் மறுமுறை உங்கள் பெயரைப் பார்த்தே வாங்குவார்கள்.

முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுங்கள். வயிறு காலியாக இருந்தால் கவரில் கழிவு குறையும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. வாயால் ஊதாதீர்கள், கவரின் வாயை விரித்து, காற்றைப் பிடித்தபடி முறுக்கி ரப்பர் பேண்டு போட்டால் போதும். அதைத் தலைகீழாக இன்னொரு கவருக்குள் விட்டு அதையும் கட்டுங்கள். இப்படிச் செய்தால் கவரின் மூலை மடிந்து உருண்டுவிடும், சின்ன மீன் அங்கே போய் நசுங்காது. மேலே பெயர், எத்தனை ஆண், எத்தனை பெண், உங்கள் பெயர். மைப் பேனாவில் எழுதினால் ஈரத்தில் கரைந்து யாருடைய மீன் என்றே தெரியாமல் போகும், அழியாத மார்க்கரில் எழுதுங்கள். எண்ட்லரோடு (கப்பியோடு கலந்து குட்டி போடும் நெருங்கிய உறவு மீன்) சேர்ந்து வளர்ந்த கப்பி என்றால் ‘கலப்பு’ என்று கட்டாயம் எழுதுங்கள். வாங்குகிறவர் அதன் குட்டிகளை இன்னும் பத்துப் பேருக்குக் கொடுப்பார்.

பின்வரிசைப் பிரச்சினைக்கு என் மருந்து: ஏல நாளில் கவர் தூக்குங்கள். சம்பளம் வாங்கி வேலை பார்ப்பவர் அங்கே ஒருவரும் இல்லை. நாற்காலி போடுவது, கணக்கு எழுதுவது, கடைசியில் தரை துடைப்பது எல்லாம் அதே நாலைந்து பேர்தான். மேசையிலிருந்து கவரை எடுத்து, ஏலம் கேட்டவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க எப்போதும் ஆள் தேவை. ஒரே மாலையில் ஏகப்பட்ட மீன்களைக் கையில் பிடித்துப் பார்த்துவிடுவீர்கள். லத்தீன் பெயரும் தானாக வாயில் வரும். அது பந்தாவுக்காகச் சொல்வதும் இல்லை. ‘பாசி தின்னி’ என்று கேட்டால் ஒருவர் கிராசோகைலஸ் கொடுப்பார், இன்னொருவர் கைரினோகைலஸ் கொடுப்பார். முதலாவது பெரும்பாலும் சாது. இரண்டாவது ஒரு அடியை நெருங்கி வளர்ந்து, மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டி உறிஞ்சும்.

செத்த மீன்களுக்கு வருவோம். வந்ததும் தள்ளாடின என்கிறீர்கள். என் முதல் சந்தேகம் அம்மோனியா. மூடிய கவருக்குள் மீன் விடும் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) இறங்கும். அந்த நிலையில் கழிவில் இருக்கும் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாக, அதிகம் தீங்கு செய்யாமல் கிடக்கும். கவரைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி பிஎச் ஏறும். அம்மோனியம் மறுபடி விஷமாகும். திறந்த கவரில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்கினீர்களா? அப்படியானால் அந்த விஷத்திலேயே மீனை ஊறவைத்திருக்கிறீர்கள். நாள் முழுக்க மூடிக் கிடந்த கவரைத் திறக்காமல் கால் மணி நேரம் மிதக்கவிடுங்கள். வெப்பம் சமமானதும் திறந்து, மீனை மட்டும் வலையில் எடுத்து உடனே தொட்டியில் விடுங்கள். கவர் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

அந்தத் தொட்டியும் தனித்தொட்டியாக இருக்கட்டும். மணல் வேண்டாம், பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, ஒளிய ஒரு குழாய்த் துண்டு போதும். நான்கு வாரம் மற்ற மீன்களோடு சேர்க்க வேண்டாம். ஏல மீன் பல வீட்டுத் தண்ணீர் பார்த்தது, நோயோடு வந்திருக்கலாம், எனக்கு இதில் சமரசமே கிடையாது. விற்றவரிடமும் மீன் செத்ததைச் சொல்லுங்கள், சண்டைக்காக இல்லை; அதே தொகுதி மீன்களை வாங்கிய மற்றவர்களை அவர் எச்சரிக்க வேண்டியிருக்கலாம்.

பல கிளப்புகளில் இனப்பெருக்கத்துக்குப் புள்ளி உண்டு. குஞ்சுகளை 30 அல்லது 60 நாள் வளர்த்துக் காட்டினால் கணக்கில் ஏறும். கப்பிக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும், பரவாயில்லை. பின்னால் அரிய மீன் பக்கம் போகலாம். மெக்சிகோவின் தெயூச்சித்லான் ஆற்றில் அற்றுப்போன சூகோனெட்டிகஸ் டெக்கீலா என்ற சின்ன மீன், மீன் வளர்ப்பவர்களின் தொட்டிகளில் பிழைத்துக் கிடந்தது. 1998-இல் ஒரு ஆங்கிலேய வளர்ப்பாளர் ஐந்து ஜோடிகளை மெக்சிகோவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவற்றின் வழிவந்த மீன்கள் இப்போது மறுபடி அந்த ஆற்றில் நீந்துகின்றன.

ஏலத்தில் போகாத கப்பியைக் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். கொசுவை ஒழிக்க என்று விட்ட கப்பி, பல நாடுகளில் உள்ளூர்ச் சிறுமீன்களுக்கு எமனாகிவிட்டது. சும்மா கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு நாலு ஜோடி மட்டும் கட்டிக்கொண்டு, நாற்காலி போடும் நேரத்துக்கே போய்விடுங்கள். மார்க்கர் இரண்டாக எடுத்துப் போங்கள், ஒன்றை யாராவது கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள்.