பந்தியைக் கட்டிப்போடும் பாட்டு

அன்புள்ள ஐயா,

என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஒரு வருடமாக எந்நேரமும் காதில் ஹெட்போன், அதில் பஞ்சாபி ராப் பாடகர் சித்து மூஸேவாலா. பஞ்சாபியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது, ஆனால் முழுப் பாட்டையும் ஒப்பிக்கிறான். இப்போது குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு 'ஃப்ரீஸ்டைல்' என்று தமிழில் அவனே வரி கட்டிப் பாடுகிறான். பாதி திட்டு, பாதி பெருமை. ஒரு வரியில் நானும் வருகிறேன். கேட்டால், அமெரிக்கக் கறுப்பர்கள் தொடங்கிய கலை, இன்று பஞ்சாபிகள் உலகத்தையே கலக்குகிறார்கள் என்கிறான். துப்பாக்கி, கார், சாதிப் பெருமை தவிர இதில் என்ன இருக்கிறது? வெறும் அமெரிக்கக் காப்பிதானே? நின்ற இடத்தில் பாடுவதை நம் காளமேகம் எப்போதோ செய்துவிட்டாரே? இவனை இதிலிருந்து எப்படி வெளியே கொண்டுவருவது?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

காளமேகத்தை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். பையன் வாயைத் திறக்கும்போது மட்டும் நமக்குக் காளமேகம் ஞாபகம் வந்துவிடுகிறார். அவருடைய பாட்டு ஒன்றையாவது அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா? வசை பாடுவதில் பெயர் வாங்கியவர் அவர். இன்று உங்கள் வீட்டில் பிறந்திருந்தால் அவரையும் குளியலறைக்குள்தான் பாட விட்டிருப்பீர்கள்.

துப்பாக்கி, சாதிப் பெருமை பற்றிச் சொன்னது சரி. மழுப்ப ஒன்றுமில்லை. 'ஜட்' என்ற நிலவுடைமைச் சாதியின் பெயர் வராத பஞ்சாபி ஹிட் பாட்டைத் தேடித்தான் எடுக்க வேண்டும். துப்பாக்கியைப் புகழும் பாட்டுகளுக்குப் பஞ்சாப் அரசே 2022 நவம்பரில் தடை போட்டது. ஆனால் அதே மண்ணில், ஜலந்தரைச் சேர்ந்த கின்னி மாஹி என்ற தலித் பெண் 2016-இல் 'டேஞ்சர் சமார்' என்று தன் சாதிப் பெயரையே சொல்லிப் பாடி அந்தப் பெருமைக்கு முகத்துக்கு நேரே பதில் கொடுத்தார். அதை உங்கள் மகன் கேட்டிருக்கிறானா என்று விசாரியுங்கள். கேட்கவில்லை என்றால் அதற்கு அவனைத் திட்டலாம், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

மூன்றாவதுதான் என்னை உட்காரவைத்தது. கடிதம் வந்த வாரத்தில் நான் கவீஷ்ரி என்ற பஞ்சாபின் பழைய வாய்ப்பாட்டுப் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து 'அமெரிக்கக் காப்பி' என்று எழுதியிருக்கிறீர்கள்.

அமெரிக்கக் கதையையே எடுத்துக்கொள்வோம். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ், செட்ஜ்விக் அவென்யூ, 1520-ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் பொதுக்கூடத்தில் சிண்டி கேம்பெல் என்ற பெண் பார்ட்டி வைக்கிறாள். பள்ளி திறக்கப்போகிறது, புதுத் துணிக்குக் காசு வேண்டும். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டு போட அண்ணன் கிளைவை உட்காரவைக்கிறாள். ஆடுகிறவர்கள் பாட்டு முழுவதற்கும் ஆடவில்லை, நடுவில் தாளம் மட்டும் தனித்து வரும் சில நொடிகளுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்த இடத்தையே திரும்பத் திரும்பச் சுழலவிட்டவர் அவர்தான். பக்கத்தில் கோக் லா ராக் என்ற நண்பர் மைக்கில் வந்தவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹிப் ஹாப் பிறந்தநாள் என்று இன்று கொண்டாடுவது இதைத்தான். டிஜே கூல் ஹெர்க் என்ற அண்ணனை எல்லோருக்கும் தெரியும். பார்ட்டி நடத்திய தங்கையின் பெயரைத் தேடினால்தான் கிடைக்கும்.

ஹெர்க் பிறந்தது அமெரிக்காவில் இல்லை, ஜமைக்காவின் கிங்ஸ்டனில். தெருவில் பெரிய பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, ஓடும் இசைத்தட்டின் மேல் ஒருவர் சந்தத்தோடு பேசுவது அந்த ஊர் வழக்கம். அதே தீவிலிருந்து இன்னொரு கூட்டம் இங்கிலாந்துக்குப் போனது. பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த்தில் அவர்களும் பஞ்சாபிகளும் அடுத்தடுத்த வீடு. அங்கே வளர்ந்து வெல்டிங் வேலை பார்த்த ஸ்டீவன் கபூர்தான் அப்பாச்சி இந்தியன். ஜமைக்காப் பேச்சு வழக்கையும் பஞ்சாபியையும் கலந்து 90-களின் தொடக்கத்தில் பாட வந்தார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1996-இல் 'லவ் பேர்ட்ஸ்' படத்தில் ரஹ்மான் இசையில் 'நோ ப்ராப்ளம்' பாடியவர் அவர்தான். கராச்சியில் பிறந்த போஹேமியா 2002-இல் கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு பஞ்சாபியிலேயே ஒரு முழு ராப் ஆல்பம் போட்டார். அடுத்த வருடம் பஞ்சாபி எம்சியின் பாட்டில் பஞ்சாபிப் பாடகர் லாப் ஜன்ஜுவாவின் குரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றவர் அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஸீ. யார் யாரைக் காப்பியடித்தார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தாளம் இப்படிச் சுற்றி வந்தது. வாய்?

ஆப்பிரிக்க அமெரிக்கப் பிள்ளைகளிடம் 'டஸன்ஸ்' என்று ஒரு வசை விளையாட்டு உண்டு. உன் அம்மா இப்படி, உன் அம்மா அப்படி என்று இரண்டு பேர் மாறி மாறி ஏற்றிக்கொண்டே போவார்கள். சுற்றி நிற்பவர்களின் சிரிப்புதான் தீர்ப்பு. யாருக்குக் கோபம் வந்து கை ஓங்குகிறதோ அவர் தோற்றார். ராப் சண்டையின் வேரைத் தேடுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் இங்கே வந்துதான் நிற்பார்கள்.

இந்த விதியை நான் கண்ணால் பார்த்தது பஞ்சாபில், மோகா பக்கத்துக் கிராமம் ஒன்றில். திருப்பூர்க்காரரிடம் இன்னொரு பின்னலாடை ஊரான லூதியானாவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 90-களின் கடைசியில் உங்கள் ஊர் நிறுவனம் ஒன்றுக்காக நான் அங்கே நூல் வாங்கி அனுப்பும் வேலையில் இருந்தேன். சம்பளம் சொன்னபடி வந்ததில்லை, அது வேறு கதை. எங்கள் கணக்கர் ஒரு சர்தார். அவருடைய தங்கை கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார்.

காலையில் குருத்வாராவில் சடங்கு முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் முற்றத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் மாமா தாடிக்குச் சாயம் பூசியிருக்கிறார், சாயம் காலருக்கு இறங்கிவிட்டது. சித்தப்பா மூன்றாவது தட்டு வாங்குகிறார், வீட்டில் சமையல் கிடையாது போலிருக்கிறது. எல்லாம் ராகத்தோடு, கைதட்டோடு. கணக்கர் என் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார், சிலவற்றைச் சொல்ல மறுத்துவிட்டார். இதற்குச் சிட்டணி என்று பெயர். வசை வாங்குகிறவர் சிரித்துக்கொண்டே சாப்பிட வேண்டும். முகம் சுருங்கினால் அடுத்த வரி அந்த முகத்தைப் பற்றித்தான்.

அப்புறம் பேபே, கணக்கரின் பாட்டி, கையை உயர்த்தினார். மற்ற பெண்கள் நிறுத்திக்கொண்டார்கள். பேபே பந்தியைக் கட்டத் தொடங்கினார். ஜஞ், அதாவது மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தை, கட்டுவது என்பார்கள். பாட்டாலேயே லட்டைக் கட்டினார், ஜிலேபியைக் கட்டினார், பகோடாவைக் கட்டினார். பிறகு எடுக்கிற கையைக் கட்டினார், மெல்லுகிற தாடையைக் கட்டினார், கடைசியில் மீசையை. கட்டு விழுந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் யாராவது எழுந்து பாட்டாலேயே அவிழ்க்கும்வரை ஒரு கவளம் உள்ளே போகக்கூடாது. கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு பையன் விஷயம் தெரியாமல் ஜிலேபியை வாயில் போட்டுவிட்டான். பக்கத்தில் இருந்த பெரியவர் தொடையில் ஒன்று வைத்தார். அவன் முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தான், பாகு உதட்டோரம் வழிந்தது. மாடியிலிருந்து அவனுக்கென்று தனியாக ஒரு வரி வந்தது.

இளவட்டங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. கடைசியில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவிழ்க்கும் பாட்டுக்குப் பத்தல் என்று பெயர். மூன்றாவது வரியில் தடுமாறினார். மாடியில் ஒரே கூச்சல். அவர் பதறவில்லை, விட்ட இடத்திலேயே பிடித்து, பேபே கட்டிய அதே வரிசையில் லட்டு, ஜிலேபி, பகோடா, கை, தாடை, மீசை என்று ஒவ்வொன்றாக அவிழ்த்தார். முடிவில், எல்லாக் கட்டையும் அவிழ்த்துவிட்டேன், பேபேயின் வாயை மட்டும் அவிழ்க்க வேண்டிய வேலையே இல்லை, அது பிறந்ததிலிருந்து கட்டில் இருந்ததே இல்லை என்று பாடினார். முதலில் கைதட்டிச் சிரித்தவர் பேபேதான்.

பேபே பாடியதில் பாதி அவருடைய பாட்டி காலத்துச் சரக்கு. சாயம் இறங்கிய காலர் அன்றைக்குக் கிடைத்தது. ஆசிரியருக்குப் பத்தலின் கட்டுமானம் மனப்பாடம், கடைசி வரி அந்த நிமிடத்தில் வந்தது. ஃப்ரீஸ்டைல் முழுக்க முழுக்க ஆகாயத்திலிருந்து இறங்குவது என்று உங்கள் மகன் நினைத்துக்கொண்டிருந்தால் இதைச் சொல்லுங்கள். அமெரிக்காவிலும் அந்தப் பெயரில் பாடப்பட்டதில் ஒரு பெரும்பகுதி முன்பே எழுதி வைத்ததுதான். கைவசம் நிறைய இருக்கிறவனுக்குத்தான் எதிரே இருப்பது கண்ணில் படும்.

பஞ்சாபி ராப்பின் வேர் பற்றி எழுதுகிறவர்கள் தும்பி என்ற ஒற்றைத் தந்தி வாத்தியம் என்பார்கள், பாங்க்ரா என்பார்கள், போர்க்கதை பாடும் டாடிகள் என்பார்கள். மொட்டை மாடியில் நின்ற இந்தப் பெண்களை மட்டும் யாரும் எழுத மாட்டார்கள். எனக்கு இது தீராத எரிச்சல். சந்தம், எதுகை, வசை, ஆள் பார்த்து அடிப்பது, கூட்டத்தைக் கையில் வைத்திருப்பது என்று எல்லாம் அங்கே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிராளி பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற விதி இருக்கிறது. அவன் வாய் திறக்கும்வரை சோறு கிடையாது. இதைவிடக் கறாரான ராப் மேடை எங்கே இருக்கிறது?

இருந்தது, ஓரளவு. 1981 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லம் வேர்ல்ட் என்ற கிளப் மேடையில் பிஸி பீ என்ற ராப்பர் கூட்டத்தைக் குஷிப்படுத்திவிட்டு இறங்கியதும் இன்னொரு ராப்பரான கூல் மோ டீ ஏறி அவரை வரிவரியாகப் பிரித்து மேய்ந்தார். அந்தக் கேசட் கைமாறிக் கைமாறிப் போனது. 1989 கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் 'குட் லைஃப்' என்ற இயற்கை உணவுக் கடையில் வியாழக்கிழமை இரவுகளில் யார் வேண்டுமானாலும் பாடலாம் என்று ஆரம்பித்தார்கள். கெட்ட வார்த்தை கூடாது. பாட்டு பிடிக்கவில்லை என்றால் கூட்டமே சேர்ந்து 'மைக்கைக் கொடுத்துவிடு' என்று கத்தும், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். பேபேயைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைக்கக்கூடிய இடம்.

கவீஷ்ரி என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சாபின் மால்வா வட்டாரத்துக் கலை. வாத்தியம் கிடையாது. திருவிழாவில் இரண்டு மூன்று பேர் நின்று, வெறும் குரலில், மூச்சு விட இடமில்லாமல் அடுக்கிக்கொண்டே போவார்கள். 1894-இல் சாஹோகேயில் பிறந்த பாபு ரஜப் அலி அதில் பெரிய பெயர். நீர்ப்பாசனத் துறையில் ஓவர்சியர். முஸ்லிம், ராமாயணமும் பாடுவார், சீக்கிய வரலாறும் பாடுவார். 1947-இல் பாகிஸ்தானுக்குப் போக வேண்டிவந்தது, 1979-இல் இறக்கும்வரை விட்டுவந்த ஊரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டைப் பாடும் ஒரு குழுவின் பதிவை உங்கள் மகனுக்குப் போட்டுக் காட்டுங்கள். அடியில் ஒரு டிரம் தாளத்தை ஓடவிட்டுக் கேட்டால் அவனே உங்களுக்குப் பாடம் எடுப்பான்.

மூஸேவாலாவின் மூஸா கிராமமும் அதே மால்வாவில், மான்சா மாவட்டத்தில். லூதியானாவில் பொறியியல் படித்துவிட்டுக் கனடாவின் பிராம்டனுக்குப் போனார். அமெரிக்க ராப் பாடகர் டூபாக்கைக் கொண்டாடியவர். '295' பாட்டில் மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய அப்போதைய சட்டப்பிரிவையே தலைப்பாக்கி, உண்மை பேசினால் அதுதான் கிடைக்கும் என்று பாடினார். பெருமையும் வீம்பும் பேசிய அதே வாயிலிருந்து வந்ததுதான் இதுவும். 2022 மே 29 அன்று, பாதுகாப்பு குறைக்கப்பட்ட மறுநாள், மான்சாவில் காரிலேயே சுட்டுக் கொன்றார்கள். வயது 28. கனடாவில் இருந்த ஒரு கும்பல்காரர் பொறுப்பேற்றுக்கொண்டார். பாட்டால் செத்தார் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை. ஆனால் இன்றைய வசைப்பாட்டு ஒரு கண்டத்தில் பதிவாகி இன்னொரு கண்டத்தில் போனில் ஓடுகிறது. வசை வாங்கியவன் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பதில்லை, சிரித்துத் தீர்ப்பு சொல்ல மாடியில் யாரும் இல்லை. கமெண்ட்டில் ஆயிரம் பேர் இன்னும் அடி, இன்னும் அடி என்கிறார்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பதினேழு வயதில் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு கோபமாகப் பேசினால் எந்த அப்பாவுக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் ஒரு வரியில் நானும் வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன வரி என்று எனக்குச் சொல்லவில்லை. அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்றும் சொல்லவில்லை. சத்தம் போட்டிருப்பீர்கள். டஸன்ஸ் விதிப்படி அந்த ரவுண்டு அவனுக்குப் போய்விட்டது. அடுத்த முறை ஒரு வரியாவது எதுகையோடு திருப்பிக் கொடுங்கள், மோசமாக இருந்தாலும் பரவாயில்லை.

அவன் கட்டியதில் இரண்டு மூன்றை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவனே அனுப்பட்டும். நீங்கள் தட்டச்சு செய்தால் நல்ல வசையையெல்லாம் எடுத்துவிடுவீர்கள்.